தலை கொய்த

அலையாத்தி மரம் எழுபத்தொன்று.
தரையிலிருந்து கச்சேயின் இடுப்பு உயரம் வரை
முப்பத்துநான்கு நத்தைகள்.
மஞ்சள் பொட்டு வைத்தவை ஆறு,
மற்றவை ஊர்பேர் தெரியாதவை.
படிவத்தில் ஒரு கட்டம்: ஓட்டின் நிலை.
முழுசு என்றால் மு. உடைசல் என்றால் உ.
கச்சே முப்பத்துநான்கு முறை உ போட்டாள்.
எழுபத்திரண்டாம் மரத்திலும் உ.
எழுபத்துமூன்றிலும்.

தமிழில் எழுதுகிற எனக்கு அது
பக்கம் முழுக்கப் பிள்ளையார் சுழி,
தொடங்கிக்கொண்டே இருக்கும் காகிதம்.
மீடா உப்பங்கழியில் அது வெறும் சேதக் கணக்கு.

இரவு விளக்கடியில் ஓர்னெல்லா தலையில் கை வைத்தாள்,
ஃபுளோரன்ஸிலிருந்து வந்தவள்,
முட்டிவரை சேறு காய்ந்தவள்.
"ஒன்றுகூடவா முழுசில்லை?"
"நீயே பார்."
கச்சே ஒரு வெற்று ஓட்டை மேசையில் வைத்தாள்.
சுற்றிச் சுற்றி ஏறி
கூர்மைக்குப் போகிற வழியில்
சட்டென்று நின்றுவிட்ட கூம்பு.
சீவாத பென்சில் மாதிரி மொட்டை.

"இதன் பெயரிலேயே இருக்கிறது. டெகொல்லாட்டா."
லத்தீனில் கழுத்துக்கு ஒரு சொல்,
கழுத்திலிருந்து எடுப்பதற்கு இன்னொன்று.
தலை கொய்த.
அவள் ஊர்த் தேவாலயங்களில்
தட்டில் தலை ஏந்திய ஓவியங்களுக்கு அடியில்
அந்தச் சொல்லின் உறவுக்காரன்தான் நிற்பானாம்.

கச்சே கேட்டாள்: "யார் கொய்தது?"

ஓர்னெல்லா வாய் திறந்தாள், மூடினாள்.
நண்டு இல்லை. அலையும் இல்லை.
குஞ்சாய் இருக்கையில் அந்த நுனியில்தான் குடித்தனம்.
வளர வளர உடம்பைக் கீழே இழுத்துக்கொள்ளும்.
காலி அறையைச் சுண்ணாம்பு வைத்து அடைக்கும்.
அப்புறம் நுனி தேயும், அரிபடும், உதிரும்.
எந்த அலையில் என்று அதற்கே தெரியாது.

"அப்படியென்றால் கட்வா இல்லை" என்றாள் கச்சே.
சுவாஹிலியில் வினையின் வால்தான் சாட்சி சொல்லும்.
கட்வா: யாரோ வெட்டினார்கள்.
கட்டிகா: அறுந்துபோயிற்று, கத்தியைத் தேடாதே.

நானும் என் பெட்டியைக் கிளறுகிறேன்.
உடைந்த ஓடு: பாவம்.
உடைத்த ஓடு: யாரென்று கேள்.
உடைக்கப்பட்ட: காவல் நிலைய வாசம்.
உடைத்துக்கொண்ட?
இந்தக் 'கொண்ட'வில் கொஞ்சம் சொந்தக் கை தெரிகிறது,
ஆனால் வழுக்கி விழுந்து
காலை உடைத்துக்கொண்டவனும்
இதே சொல்லில்தான் நொண்டுகிறான்.
தலை கொய்த நத்தை என்றாலோ
கொய்தது அதுவா, கொய்யப்பட்டது அதுவா,
எவ்வளவு மிரட்டினாலும்
பெயரெச்சம் வாய் திறக்காது.

மறுநாள் கச்சே பழைய உ-க்களை ஒவ்வொன்றாக அடித்து
பக்கத்தில் மு எழுதினாள்.
அழிப்பான் கேட்கவில்லை.
மதியம் ஒரு குட்டி கிடைத்தது,
அரிசி அளவு, நுனி ஊசியாய்.
அதற்கு என்ன போடுவது?
பேனாவைக் கடித்தபடி நின்றுவிட்டு
ஓரத்தில் எழுதினாள்:
இன்னும் இல்லை.

படிவத்தின் உச்சியில் எண்ணியவர் பெயர்.
ஏப்ரல் வரை கச்சே சாரோ.
மே மாதத் தாள்களில் கச்சே.
சம்பளப் பட்டியலுக்கு வேண்டுமென்று
ஓர்னெல்லா தாளைத் தூக்கிக் காட்டினாள்:
"பெயர் பாதியில் நிற்கிறதே?"
சேற்றிலிருந்து ஒரு காலை உருவி
கச்சே அடுத்த அடி வைத்தாள்.
"மு போட்டுக்கொள்."

ஓதம் இன்னும் கழிக்கு வந்து சேரவில்லை.
எப்படியோ தெரிந்துகொண்டு
நத்தைகள் மேய்ச்சலை விட்டுவிட்டு
மரத்தில் ஏற ஆரம்பித்திருந்தன,
மொட்டை முனைகள் கீழே பார்க்க.
இன்னும் அரைமணி நேர வெளிச்சம்.
மரம் எழுபத்துநான்கு.
பத்தொன்பது.
இல்லை, இருபது. ஒன்று கிளைக்குப் பின்னால்.